பதிவேட்டில் ஆறாவது கட்டம்

பெயர், அப்பா பெயர், ஊர், ஜில்லா,
ஆதார் எண், தொழில்,
எத்தனை பேர், எத்தனை நாள்.
காந்தி ரோட்டுக்குப் பின்சந்து லாட்ஜில்
ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை
இந்தக் கட்டங்களை நிரப்புவது நான்தான்.

ஹவுரா வண்டி காட்பாடியில் நின்ற அரை மணியில்
ஆட்டோக்கள் வாசலுக்கு வந்துவிடும்.
எக்ஸ்ரே உறை, பிளாஸ்டிக் வாளி,
அரிசிப் பை,
கழுத்தை நிமிர்த்த முடியாத ஒருவர்.

என் பெயர் டில்லிபாபு.
அவர்களுக்குப் பாதி போதும்.
பாபு, வெந்நீர். பாபு, லிஃப்ட் நின்றுவிட்டது.
அவர்கள் ஊரில் பாபு என்றால்
ஆபீசில் நாற்காலி உள்ளவராம்.
எனக்கும் இருக்கிறது. ஒரு கால் ஆடும்.
போன வருஷத்து ஹால் டிக்கெட்டை மடித்து
முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மெக்கானிக்கல். எழுபத்தெட்டு சதவீதம்.
கேம்பஸிலேயே எடுத்தார்கள்.
கே.வி.குப்பத்தில் அம்மா சர்க்கரை டப்பாவோடு
தெருவில் ஒரு வீடு விடவில்லை.
சேரும் தேதி ஜூலை என்றார்கள்,
பிறகு ஜனவரி என்றார்கள்,
பிறகு தேதியே இல்லாமல்
உங்கள் பொறுமைக்கு நன்றி என்றார்கள்.
பொறுமையா, எனக்கா?
மாதம் பிறந்தால் பாங்கிலிருந்து போன்.
அம்மா இப்போது ரேஷன் கடைக்குச்
சுற்றுவழியில் போகிறாள்.

இங்கிலீஷ் தெரியுமே பாபு, என்று
பதினோரு மணிக்குக் காகிதம் நீட்டுவார்கள்.
மேலிருந்து படிக்கக் கூடாது.
கடைசி இரண்டு வரியை முதலில் பார்க்கணும்.
கல்லூரி சொல்லித் தரவில்லை இதை,
நாற்பத்தொரு கம்பெனி மெயில்கள் சொல்லித் தந்தன.
அன்ஃபார்ச்சுனேட்லி எங்கே உட்கார்ந்திருக்கும் என்று
கண்ணுக்குத் தானாகத் தெரியும்.
ஆனால் மெயில் படிக்கிற முகத்தை
யாரும் பார்ப்பதில்லை.
இங்கே என் முகத்தையே பார்த்தபடி
மூன்று பேர் நிற்பார்கள்.
டாக்டரைக் கேளுங்கள் என்பதை மட்டும்
வங்காளத்தில் தப்பில்லாமல் சொல்வேன்.

கத்திரி வெயில். ராத்திரி பத்துக்கும் சுவர் சுடுகிறது.
மால்டாவிலிருந்து சுதபா மொண்டல்,
அப்பாவைக் கைத்தாங்கலாக.
ஆறாவது கட்டத்தில் என் பேனா நின்றது.
எம்.ஏ. சரித்திரம், முடித்து மூன்று வருஷம்.
எழுதிய தேர்வு கோர்ட்டில் கிடக்கிறதாம்.
"பேகார்" என்றாள்.
புரியவில்லை.
வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.
புரிந்தது.

எங்கள் பக்கம் பேக்கு என்று ஒரு சொல் உண்டு,
இரண்டும் உறவோ என்னவோ, என்றேன்.
அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.
அவள் சிரித்ததில் அவள் அப்பாவும்
எதற்கென்று தெரியாமலே சிரித்து
இருமத் தொடங்கினார்.

கட்டம் காலியாக இருந்தால் ஓனர் திட்டுவார்.
விவசாயம் என்று எழுதினேன்.
அந்தப் பக்கத்து எல்லோருக்கும்
அதைத்தான் எழுதுகிறேன்.

பத்தொன்பது நாள்.
படிக்கட்டெல்லாம் கடுகெண்ணெய்.
கீழே நின்று ரிப்போர்ட்? என்பேன்.
வாளியோடு மேலே நின்று மெயில்? என்பாள்.
இரண்டு தலையும் ஒரே மாதிரி ஆடும்.
அதனால் எதுவும் தீர்ந்துவிடவில்லை.
பகலில் தூங்கும்போது
போனைக் கையில் பிடித்துக்கொள்ளவில்லை,
அவ்வளவுதான்.

போகிற காலை
அட்வான்சில் மிச்சம் நூற்று நாற்பது கொடுத்தேன்.
கடைசி இரண்டு வரியை
அவள் என்னிடம் காட்டவில்லை.
நானும் கை நீட்டவில்லை.

நேற்று நாற்பத்திரண்டாவது மெயில்.
மேலிருந்து படித்தேன்,
அன்புள்ள விண்ணப்பதாரரிலிருந்து,
ஒரு வரி தாண்டாமல்,
கீழே கையெழுத்துப் போட்டவர் பெயர் வரைக்கும்.
பிறகு எழுந்துபோய் மோட்டார் போட்டேன்.
நாலரைக்குள் போடாவிட்டால்
மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது.